பழைய பிக்கப் வண்டியில் பெட்ரோல் ஆவிக் கசிவு: கண்டறிதலும் சீர்செய்தலும்

(விவசாய டெமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

நெற்பயிர் மஞ்சளித்துக் காணப்பட்டவுடன் யோசியாமல் யூரியாவை வாரி இறைக்கும் வழக்கம் நம்மவர்களில் அநேகரிடம் உண்டு. மஞ்சளிப்புக்குத் தழைச்சத்துக் குறைவு காரணமாயிருக்கலாம். துத்தநாகக் குறைவு காரணமாயிருக்கலாம். வடிகாலின்றி நீர் தேங்கியது காரணமாயிருக்கலாம். காரணத்தை அறியாமல் செய்யும் செலவு வீண் செலவேயாகும். இவ்வுண்மை பயிருக்கு மட்டுமன்று, குடியானவர் கையாளும் யந்திரங்களுக்கும் பொருந்தும். அதற்குத் தக்க திருஷ்டாந்தமாக, பழைய பிக்கப் வண்டிகளில் உண்டாகும் ஒரு கோளாறைப் பற்றி இங்கே விவரிக்க எண்ணுகிறேன்.

பெட்ரோலினால் ஓடும் வண்டிகளில், டாங்கியில் எழும் ஆவியை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்து, பின்பு எஞ்சினுக்கே அனுப்பி எரித்துவிடும் சாதனம் ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் இதைச் சுருக்கமாக 'எவாப்' என்பர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 1970-ம் வருஷத்திய மாடல் வண்டிகள் முதலும், அந்நாடு முழுவதிலும் 1971-ம் வருஷத்திய மாடல்கள் முதலும் இது சட்டப்படி கட்டாயமாயிற்று. அந்நாட்டுக் குடியானவர்களில் பலர் பெட்ரோல் பிக்கப் வண்டியை இருபது வருஷங்களுக்கு மேலும் வைத்து ஓட்டுவதால், இச்சாதனம் பழசாகும்போது என்னென்ன கெடும், எப்படிச் சீர்செய்யலாம் என்பது அங்கே நன்றாய் அறியப்பட்டிருக்கிறது. ஆகையால் அங்குள்ள வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, நம்மவர் கவனிக்க வேண்டியதை முடிவில் கூறுவேன்.

ஆவிக்கும் பயிருக்கும் உள்ள சம்பந்தம்

டாங்கியின் ஆவிக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் மிக நெருங்கியது. 1944-ம் வருஷ வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சுற்றிய தோட்டங்களில் கீரை வகைகளின் இலைகள் அடிப்புறத்தில் வெள்ளி பூசியது போலவும், வெண்கல நிறமாகவும் மாறிக் கெடுவதைக் குடியானவர்கள் கண்டனர். அது பூச்சியாலும் வந்ததன்று, பூஞ்சாணத்தாலும் வந்ததன்று. பாஸதீனா என்னும் ஊரிலுள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், அன்னாசிப் பழத்தின் வாசனைப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மிட் என்னும் ரசாயன சாஸ்திரி இவ்விஷயத்தை ஆராயத் தொடங்கினார். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் எழும் பெட்ரோலிய ஆவியும், எரிபொருள் எரிகையில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோன் முதலிய நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன என்பதை அவர் 1950-ஐ அடுத்த வருஷங்களில் எடுத்துக் காட்டினார்.

1958-ல் கலிபோர்னியாவின் திராட்சைக் கொடிகளில் இலையின் மேற்புறம் சிறு சிறு கரும்புள்ளிகளாகத் தோன்றிய நோய்க்கும் ஓசோனே காரணம் என்று தெரியவந்தது. இந்த வாயு இலைத் துவாரங்களின் வழியே உட்புகுந்து பச்சையத்தைக் கெடுத்து இலையை முன்னதாகவே முதிரச் செய்கிறது. கோதுமை, நெல், பருத்தி, சோயா மொச்சை ஆகியவற்றின் மகசூலையும் இது குறைக்கும். கலிபோர்னியாவின் ஸான் ஹோவாகின் பள்ளத்தாக்கு மூன்று பக்கம் மலைகள் சூழ்ந்ததாகையால், கோடை காலத்தில் இந்தக் கெட்ட காற்று வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி நிற்கிறது. அங்கேதான் திராட்சைத் தோட்டங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இருக்கின்றன. தோட்டக்காரரின் கொட்டகையில் வெயிலில் நிற்கும் பழைய வண்டி, ஓடாமல் நிற்கும்போதுகூட, அவர் கொடிகளுக்கு விரோதமான பொருளைக் காற்றில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பெட்ரோலும் அதனோடு சேர்ந்து போகிறது.

சாதனத்தின் அமைப்பு

இச்சாதனத்தின் முக்கிய உறுப்புகள் ஆறு: (1) டாங்கியும் அதன் வாய்க்குழாயும் மூடியும், (2) ஆவி செல்லும் குழாய்கள், (3) கரிப்பெட்டி, (4) பர்ஜ் வால்வு, (5) வென்ட் வால்வு, (6) டாங்கியின் உள் அழுத்தத்தை அளக்கும் சென்ஸார்.

பகல் வெப்பத்தில் டாங்கியிலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் பெருகும். அந்த ஆவி குழாய் வழியே கரிப்பெட்டிக்குச் செல்கிறது. பெட்டியினுள் இருப்பது விசேஷ முறையில் பக்குவம் செய்த கரி. தண்ணீர் சுத்தம் செய்ய நம் நாட்டில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாரிக்கும் கரியும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அதன் எண்ணிறந்த நுண்துவாரங்களில் ஆவி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பின்பு எஞ்சின் ஓடும் சமயத்தில், வண்டியின் கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வைத் திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சும் சக்தியினால் வெளிக்காற்று வென்ட் வால்வின் வழியே உள்ளே வந்து, கரியினூடே பாய்ந்து, அங்கே தங்கிய ஆவியை வாரிக்கொண்டு எஞ்சினுள் சென்று எரிந்துவிடுகிறது. அறுவடைக் காலத்தில் குதிரில் சேர்த்துத் தேவையானபோது எடுத்துச் செலவிடுவது போன்றதே இந்த ஏற்பாடு.

இரண்டு வால்வுகளின் குணத்தையும் வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பர்ஜ் வால்வு எஞ்சின் பக்கத்தில் இருப்பது. மின்சாரம் இல்லாதபோது மூடியிருப்பது. வென்ட் வால்வு கரிப்பெட்டிக்கு அருகில் இருப்பது. மின்சாரம் இல்லாதபோது திறந்திருப்பது. பரிசோதனையில் பாதி வேலை இவ்விரு வரிகளை நினைவில் வைத்தாலே முடிந்துவிடும்.

1996-ம் வருஷத்திய மாடல்கள் முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களும் சிறு லாரிகளும் தம் கோளாறைத் தாமே கண்டறிந்து 'செக் எஞ்சின்' விளக்கை ஏற்றும்படி அமைக்கப்பட்டன. பிக்கப் வண்டிகள் பலவற்றில் இந்தச் சோதனை நடைபெறும் விதம் யாதெனில், கம்ப்யூட்டர் வென்ட் வால்வை மூடி, பர்ஜ் வால்வைத் திறந்து, டாங்கியில் சிறிது வெறுமையை உண்டாக்கும். பிறகு பர்ஜ் வால்வையும் மூடிவிட்டு அந்த வெறுமை நிலைத்து நிற்கிறதா என்று கவனிக்கும். கிணற்றுப் பம்பின் உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தால் தண்ணீர் இறங்கிவிடுவதை நாம் அறிவோம். இதுவும் அத்தகையதே. 1 மில்லிமீட்டர் துவாரம் இருந்தாலும் இச்சோதனை காட்டிவிடும். 2000-ம் வருஷத்துக்குப் பின் வந்த வண்டிகளில் படிப்படியாக அரை மில்லிமீட்டர் துவாரமும் கண்டுபிடிக்கப்படும்படி செய்யப்பட்டது.

ஓர் உதாரணம்

ப்ரெஸ்னோ என்னும் ஊருக்கருகே திராட்சை பயிரிடும் ஒரு குடியானவரிடம் 2001-ம் வருஷத்திய பெட்ரோல் பிக்கப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆகஸ்டு மாத முடிவில் பழம் பறித்து, கொடி வரிசைகளின் நடுவே காகிதத் தட்டுகளில் உலர்த்தும் சமயம். அவருடைய வண்டியில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. அந்த மாகாணத்தின் பெரும்பாலான பகுதிகளில் பெட்ரோல் வண்டிகளை இரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்கு எரியும் வண்டி தேறாது. தேறாத வண்டியின் பதிவு புதுப்பிக்கப்படாது. அவருக்கோ ஒரு மாதமே தவணை இருக்கிறது. வேறு வண்டி இல்லை.

ஒருவர் சொன்னபடி புது மூடி வாங்கிப் போட்டார். விளக்கு அணைக்கப்பட்டுச் சில நாளில் மீண்டும் எரிந்தது. மற்றொருவர் சொன்னபடி பர்ஜ் வால்வை மாற்றினார். மறுபடியும் எரிந்தது. இரண்டு உறுப்புகளின் விலையும் போயிற்று, நாள்களும் போயின. அவர் செய்த பிசகு, அந்த உறுப்புகளை மாற்றியதன்று, சோதிக்காமல் மாற்றியதே.

குறி எண் கூறுவதும் கூறாததும்

ஸ்கேனர் கருவியை வண்டியின் ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சொருகியில் பொருத்தினால், கம்ப்யூட்டர் குறித்து வைத்த எண் தெரியும். எவாப் சம்பந்தமான முக்கிய எண்கள் பின்வருமாறு:

பி 0441: ஆவி எஞ்சினுக்குச் செல்லும் ஓட்டம் சரியில்லை.
பி 0442: சிறு கசிவு.
பி 0443: பர்ஜ் வால்வின் மின்சார இணைப்பில் கோளாறு.
பி 0446: வென்ட் வால்வின் பக்கத்துக் கோளாறு.
பி 0452, பி 0453: அழுத்த சென்ஸார் மிகத் தாழ்வாகவோ, மிக உயர்வாகவோ காட்டுகிறது.
பி 0455: பெருங்கசிவு.
பி 0456: மிகச் சிறு கசிவு.

இவ்வெண்கள் நோயின் அறிகுறியே தவிர நோயின் பெயரன்று. 'சிறு கசிவு' என்றால் எங்கேயோ கசிகிறது என்பது மட்டுமே பொருள்; எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்பது பொருளன்று. எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடவும் கூடாது. சாதாரணமாக அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் சோதனை தவறினால்தான் விளக்கு எரியும். அழித்துவிட்டால் அந்த அத்தாட்சி முழுதும் போய்விடும்.

எண்ணைத் தவிர வண்டிக்காரர் தாமே கவனிக்கக்கூடிய அறிகுறிகளும் உள்ளன. பெட்ரோல் போட்டவுடன் எஞ்சின் கிளம்பச் சிரமப்பட்டால், பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தபடி நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். பங்கில் பெட்ரோல் போடும்போது டாங்கி நிறையாமலே குழாய் 'டக்'கென்று அடிக்கடி நின்றால், வென்ட் வால்வோ அதன் குழாயோ அடைபட்டிருக்கலாம். வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் வாசனை வீசினால், குழாய் வெடிப்பையோ, பெட்ரோலில் நனைந்த கரிப்பெட்டியையோ தேட வேண்டும். நம் உதாரணக் குடியானவருக்குக் கிடைத்த எண் பி 0442. பங்கில் குழாய் அடிக்கடி நின்றதையும் அவர் கண்டிருந்தார். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

தொடங்குமுன் ஜாக்கிரதை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளங்களிலும் பட்டறைக் குழிகளிலும் தங்கி நிற்கும். காற்றில் 100-க்குச் சுமார் ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். ஆகையால் இவ்வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறியபின் செய்யவேண்டும். பீடி, சிகரெட், தீக்குச்சி, மண்ணெண்ணெய் விளக்கு ஆகியவை அருகில் வரக்கூடாது. டாங்கியைத் தொடும் வேலைக்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். காலி டாங்கியில் ஆபத்தில்லை என்று எண்ணிப் பற்றவைப்பு வேலை செய்து உயிரிழந்தவர் உண்டு. பெட்ரோலைவிட அதன் ஆவியே அதிக அபாயமானது.

முதற்படி: மூடியும் வாய்க்குழாயும்

செலவில்லாத சோதனையையே முதலில் செய்யவேண்டும். மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு, தட்டைப்பட்ட இடம், ஒட்டிய மண் ஆகியவை உண்டா என்று பார்க்கவும். மூடி பொருந்தும் குழாயின் விளிம்பையும் துணியால் துடைத்துத் துருவும் சொட்டையும் உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கவும். விளிம்பு அரித்துப்போயிருந்தால் எத்தனை புது மூடி போட்டாலும் கசிவு நிற்காது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாகாணங்களில் வாய்க்குழாயே துருப்பிடித்து ஓட்டை விழுவது சகஜம். மூடியை 'டக்' என்ற சப்தம் வரும்வரை திருகுவது வழக்கமாயிருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பர்ஜ் வால்வு

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, மெதுவாக ஓடவிட்டு, பர்ஜ் வால்வில் கரிப்பெட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைக்கவும். கிளம்பிய உடனே அங்கே உறிஞ்சும் சக்தி சாதாரணமாக இருக்கலாகாது. இடைவிடாமல் விரலை உறிஞ்சி இழுத்தால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். பின்பு எஞ்சினை நிறுத்தி, வால்வைக் கழற்றி, சிறு ரப்பர் குழாயால் அதனுள் காற்றைச் செலுத்திப் பார்க்கலாம். மூடிய வால்வு காற்றை விடாது. 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் 'டக்'கென்று திறந்து காற்றை விடவேண்டும். மின்சாரம் கொடுக்கும் இவ்வேலையை வண்டியிலிருந்து தூரமாக, ஆவி இல்லாத இடத்தில் செய்யவேண்டும்.

கழற்றிய வால்விலிருந்து கருந்துகள்கள் கொட்டினால் ஜாக்கிரதை. கரிப்பெட்டியினுள் கரி உடைந்து குழாய் வழியே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். குழாயைச் சுத்தம் செய்யாமல் புது வால்வைப் போட்டால், அதுவும் சில தினங்களில் துகள் சிக்கிக் கெடும்.

மூன்றாம் படி: வென்ட் வால்வு

இது பல பிக்கப் வண்டிகளில் பின் சக்கரங்களுக்கு அருகே, சட்டத்தின்மேல் அமைந்திருக்கிறது. மண்சாலையில் ஓடும் வண்டியில் சக்கரம் வாரி இறைக்கும் புழுதி முழுதும் அங்கேதான் சேரும். மின்சாரமில்லாதபோது ஊதினால் காற்று தாராளமாகச் செல்லவேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் அறவே நிற்கவேண்டும். புழுதி அடைத்தால் காற்று செல்லாது. புழுதி வால்வின் ஆசனத்தில் படிந்தால் முழுதும் மூடாது. முதலாவதால் பங்கில் பெட்ரோல் குழாய் அடிக்கடி நிற்கும்; இரண்டாவதால் சிறு கசிவு என்று கம்ப்யூட்டர் குறிக்கும்.

நம் குடியானவரின் வண்டியில் இருந்த கோளாறு இதுவே. வருஷக்கணக்காகத் திராட்சைத் தோட்டத்துப் பாதைகளில் ஓடியதால் வால்வில் மண் படிந்து பாதி அடைத்தும், முழுதும் மூடாமலும் நின்றது. அதைப் பார்ப்பதற்கு வேண்டியது ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமுமே. புது வால்வை அதே இடத்தில் பொருத்தினால் கொஞ்ச காலத்தில் அதே கதிதான். ஆகையால் வால்வின் காற்று வாயிலிருந்து ரப்பர் குழாய் ஒன்றை உயரமாகவும் புழுதி படாததாகவும் உள்ள இடத்துக்கு இழுத்து, முனையில் சிறு வடிகட்டி பொருத்துவது நல்லது. வண்டி செய்த கம்பெனியே அத்தகைய மாற்று உறுப்பைத் தந்திருந்தால் அதையே வாங்க வேண்டும்.

புழுதி மட்டுமன்று, பூச்சியும் இக்குழாயை அடைக்கும். 2011-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மாஸ்டா 6 என்னும் கார்களைக் கம்பெனி திரும்ப அழைக்க நேர்ந்ததற்குக் காரணம், மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று இந்த வென்ட் குழாயில் கூடு கட்டியதே. காற்று உட்புக வழியில்லாமல் டாங்கியில் வெறுமை உண்டாகி டாங்கியே வெடிப்பு விடும் என்று அஞ்சப்பட்டது. மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் இதையும் பார்க்கவேண்டும்.

நான்காம் படி: குழாய்களும் புகைச் சோதனையும்

மேற்கண்ட மூன்றும் நன்றாயிருந்தால் குழாய்களைத் தேடவேண்டும். ரப்பர் முழங்கைக் குழாய்கள் வெப்பத்தில் இறுகி வெடிக்கும். வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். எலிகள் கடித்த இடங்களையும், டாங்கியின் மேற்பக்கத்து இணைப்புகளையும், பம்பு உட்காரும் ரப்பர் வளையத்தையும் கவனிக்கவேண்டும்.

கண்ணுக்கு அகப்படாத கசிவுக்குப் புகைச் சோதனை சிறந்தது. வென்ட் வால்வை மூடிவைத்து, எண்ணெயைச் சூடாக்கி உண்டாக்கிய வெண்புகையை மிக இலேசான அழுத்தத்தில் சாதனத்தினுள் செலுத்தினால், ஓட்டையுள்ள இடத்தில் புகை நூல்போல எழும். இங்கே ஒரு எச்சரிக்கையை மறக்கலாகாது. இதற்குரிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டுக்கு மேற்படக் கூடாது. அதாவது சுமார் 35 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தமே. 30 பவுண்டு காற்றுள்ள டயரின் அழுத்தத்தில் இது 60-ல் ஒரு பங்கு. பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நேராக டாங்கியில் மாட்டினால் டாங்கியும் சென்ஸாரும் கெடும். அன்றியும் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து வெடிக்கும் கலவையாகிவிடும். நைட்ரஜன் வாயுவால் புகையைச் செலுத்தும் கருவியே உத்தமம். இவ்வேலையை அதற்குரிய கருவியுள்ள பட்டறையிலேயே செய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: கரிப்பெட்டியும் சென்ஸாரும்

கரிப்பெட்டி விலை அதிகமான உறுப்பாகையால் அதைக் கடைசியில் சந்தேகிக்க வேண்டும். கழற்றியவுடன் பெட்ரோல் சொட்டினாலும், கையில் தூக்கினால் இயல்புக்கு மிஞ்சிக் கனத்தாலும், குலுக்கினால் கரித்துகள் உதிர்ந்தாலும் அதை மாற்றவேண்டும்.

கரிப்பெட்டி கெடுவதற்கு முக்கிய காரணம் வண்டிக்காரரின் கையிலேயே இருக்கிறது. பங்கில் குழாய் தானே நின்றபிறகு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று டாங்கியின் வாய்வரை நிரப்பினால், திரவ பெட்ரோலே ஆவிக் குழாயில் ஏறிக் கரியை நனைத்துவிடுகிறது. நனைந்த கரி ஆவியைப் பிடிக்கும் சக்தியை இழக்கிறது. அரை லிட்டர் அதிகம் போட்ட ஆசையால் விலையுயர்ந்த உறுப்பு போகிறது. குழாய் தானே நின்றால் போதும் என்பதை விதியாகக் கொள்ளவேண்டும்.

அழுத்த சென்ஸாரைச் சோதிப்பது சுலபம். மூடியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரில் பார்த்தால், டாங்கியில் அதிக அழுத்தமுமில்லை, வெறுமையுமில்லை என்று காட்டவேண்டும். வேறு விதமாகக் காட்டினால் முதலில் அதன் மின்சார இணைப்பில் பச்சைத் துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பிறகே சென்ஸாரைக் குறை கூறவேண்டும்.

சீர்செய்த பின்

பழுது தீர்ந்தவுடன் குறி எண்ணை அழித்துவிட்டு உடனே பரிசோதனைக்கு ஓடுவது பலர் செய்யும் பிசகு. எண்ணை அழிக்கும்போது கம்ப்யூட்டர் தன் சோதனைகள் எல்லாவற்றின் முடிவையும் மறந்துவிடும். மறுபடி வண்டியைச் சில நாள்கள் ஓட்டி அச்சோதனைகள் முடிய இடம் கொடுக்கவேண்டும். 2000-ம் வருஷத்திய மாடல் முதலான பெட்ரோல் வண்டிகளில் எவாப் சோதனை ஒன்று மட்டும் முடியாதிருந்தால் கலிபோர்னியாப் பரிசோதனையில் மன்னிக்கப்படும். மற்றவை முடிந்திருக்க வேண்டும். எவாப் சோதனை முடிவதற்குப் பொதுவாக வண்டி இரவெல்லாம் நின்று குளிர்ந்திருக்க வேண்டும். டாங்கியில் சுமார் 100-க்கு 15 பங்குக்கு மேலும் 85 பங்குக்குக் கீழும் பெட்ரோல் இருக்கவேண்டும். வெளிக்காற்று அதிக வெப்பமாயிருத்தல் ஆகாது. ஆகையால் ப்ரெஸ்னோவின் கோடையில் விடியற்காலையில் அரை டாங்கி பெட்ரோலோடு வண்டியை எடுப்பதே யுக்தி. நம் குடியானவரும் மாற்றிய வால்வோடு ஒரு வாரம் இவ்வாறு காலையில் ஓட்டி, ஸ்கேனரில் சோதனை முடிந்ததைக் கண்டபின்பே பரிசோதனைக்குப் போகவேண்டும்.

கோளாறு தொந்தரவாயிருக்கிறதென்று கரிப்பெட்டியை அறவே கழற்றிக் குழாய்களை அடைத்துவிடுவது அந்நாட்டில் சட்ட விரோதம். சட்டம் ஒரு பக்கமிருக்க, மூச்சுவிட வழியற்ற டாங்கி நசுங்கவோ வெடிப்பு விடவோ கூடும்.

நம்மவர் கவனிக்க வேண்டியது

நம் ஊர்களில் விளைபொருள் ஏற்றும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டீஸல் வண்டிகள். டீஸல் எளிதில் ஆவியாவதில்லையாகையால் அவற்றில் இச்சாதனம் இல்லை. ஆயினும் பெட்ரோல் கார்களிலும், பெட்ரோலில் ஓடும் சிறு சரக்கு வண்டிகளிலும் இது உண்டு. 2020 ஏப்ரல் மாதம் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின் கீழ் விற்கப்படும் மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் சிறு கரிப்பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. வயலுக்கு நித்தம் போய்வரும் மோட்டார் சைக்கிளில் கரிய டப்பா ஒன்றையும் அதற்கு ஓடும் ரப்பர் குழாய்களையும் கண்டு, "இது வேண்டாத பைப்" என்று பட்டறையில் பிடுங்கி எறிவதை வாசகர்கள் அனுமதிக்கக் கூடாது. நம் வெயில் கலிபோர்னியா வெயிலுக்குக் குறைந்ததன்று. ஓசோன் நம் நெல்லுக்கும் பருத்திக்கும் வேறு விதமாக நடந்துகொள்வதுமன்று.

மேலே கூறியவற்றின் சுருக்கமாவது:

1. பங்கில் குழாய் தானே நின்றபின் மேலும் பெட்ரோல் போடவேண்டாம்.
2. மூடியை 'டக்' என்று கேட்கும்வரை திருகவும்.
3. விளக்கு எரிந்தால் குறி எண்ணை முதலில் எழுதிக்கொள்ளவும்.
4. மூடி, பர்ஜ் வால்வு, வென்ட் வால்வு, குழாய், கரிப்பெட்டி என்ற வரிசையில், செலவு குறைந்ததிலிருந்து சோதிக்கவும்.
5. சோதித்துக் கெட்டது என்று காணாத எந்த உறுப்பையும் வாங்கவேண்டாம்.
6. டாங்கியில் கம்ப்ரஸர் காற்றையும், அருகில் நெருப்பையும் ஒருபோதும் அனுமதிக்கவேண்டாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயங்களைத் தங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்கும் வாலிபர்களுக்கும் எடுத்துச் சொல்லுவார்களாயின் பெரும் உபகாரமாயிருக்கும். மஞ்சளித்த பயிருக்கு முன் நின்று இலையைப் புரட்டிப் பார்த்து, வேரைப் பிடுங்கிப் பார்த்து, பிறகே உரத்தைத் தேடும் குடியானவர், தம் வண்டிக்கும் அதே நிதானத்தைக் காட்டினால் போதும்.